காட்டுக்கு எடுத்துப் போக எந்தத் திசைகாட்டி?

வாசகர் கேள்வி, 9 ஜனவரி 2025

கொடைக்கானல், மேகமலை, வால்பாறைப் பக்கம் அடிக்கடி நடக்கப் போகும் குழுவில் இருக்கிறேன். கையில் வைத்துக்கொள்ள ஒரு காம்பஸ் வாங்க வேண்டும். இணையத்தில் பச்சை நிற உலோகப் பெட்டியில் மூடி, லென்ஸ், கம்பி எல்லாம் வைத்து ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கிறது. ‘அமெரிக்க ராணுவ மாதிரி’ என்று போட்டிருக்கிறார்கள். அதே பக்கத்தில், பிளாஸ்டிக் தட்டின் மேல் வட்டம் ஒட்டியது போன்ற வெளிநாட்டுக் காம்பஸ் அதைவிடப் பல மடங்கு விலை. உலோகம்தான் உறுதியானது என்பது என் கட்சி. தவிர, போனிலேயே காம்பஸ் இருக்கும்போது இது எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். அனுபவம் உள்ளவர்கள் சொல்லவும்.

9 ஜனவரி, இரவு

பச்சைப் பெட்டியை வாங்காதீர்கள். பாலிடெக்னிக் சர்வே ஆய்வகத்தில் நீண்ட காலம் வேலை பார்த்தவன் நான். மாணவர்கள் அந்தப் பெட்டியைப் பெருமையாகக் கொண்டுவந்து காட்டுவார்கள். மேசைமேல் வரிசையாக வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடக்கைக் காட்டும். மூடியில் இருக்கும் கம்பி நடுவில் இருக்காது, லென்ஸ் வழியாக எண் தெரியாது. தட்டிவிட்டால் முள் போய் ஓரிடத்தில் நிற்கும், மறுபடி தட்டினால் வேறிடத்தில் நிற்கும். உராய்வு அவ்வளவு.

அது எதைப் பார்த்துச் செய்யப்பட்டதோ அந்த அசல் நல்ல கருவிதான். அமெரிக்க ராணுவத்துக்குக் கமெங்கா நிறுவனம் செய்யும் 3ஹெச் மாதிரியில், மற்ற பல காம்பஸ்களில் முள்ளின் ஆட்டத்தை அடக்க ஊற்றியிருக்கும் திரவமே கிடையாது. முள் ஆடும்போது உள்ளே இருக்கும் செம்பு உலோகத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி அந்த ஆட்டத்தை அடக்குகிறது. திரவம் இல்லாததால் குமிழி விழாது, குளிரில் உறையாது. இருட்டில் ஒளிர டிரிடியம் குப்பிகள் இருக்கும். நகலில் இருப்பது பெட்டியின் வடிவமும் பச்சை வண்ணமும் மட்டும்.

அசலே கிடைத்தாலும் உங்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதை வைத்து வரைபடத்தில் கோணம் அளக்க வேண்டுமானால் தனியாக ஒரு கோணமானி எடுத்துப் போக வேண்டும். பிளாஸ்டிக் தட்டு என்று நீங்கள் ஒதுக்குகிறீர்களே, அந்தத் தட்டுதான் கோணமானி, அளவுகோல் இரண்டுமே. ஸ்வீடனில் 1933-இல் தொடங்கிய சில்வா நிறுவனம் கொண்டுவந்த யோசனை அது: ஊடுருவிப் பார்க்கக்கூடிய தட்டு, அதன்மேல் சுழலும் வளையம், உள்ளே திரவத்தில் மிதக்கும் முள். தட்டின் ஓரத்தை வரைபடத்தில் நீங்கள் இருக்கும் இடத்துக்கும் போக வேண்டிய இடத்துக்கும் சேர்த்து வையுங்கள். வளையத்தின் உள்கோடுகள் வரைபடத்தின் வடக்குத் தெற்குக் கோட்டோடு ஒன்றும்வரை வளையத்தைத் திருப்புங்கள். பிறகு கையில் எடுத்து, சிவப்பு முள் வளையத்தின் அம்புக்குள் வந்து உட்காரும்வரை நீங்கள் உடம்போடு திரும்புங்கள். தட்டின் அம்பு காட்டும் பக்கம் நடக்க வேண்டியதுதான். கூட்டல் கழித்தல் எதுவும் இல்லை.

10 ஜனவரி

போன் விஷயம். போன் காம்பஸ் பொய் சொல்வதில்லை. உள்ளே மூன்று அச்சிலும் காந்தப் புலத்தை அளக்கும் சில்லு இருக்கிறது. ஆனால் அதைச் சுற்றிலும் ஸ்பீக்கர், மின்கலம், கேமராவின் சிறு மோட்டார் எல்லாம் இருக்கின்றன. அவற்றின் காந்தத்தைக் கழித்துத்தான் வடக்கைக் காட்டுகிறது. அதனால்தான் அவ்வப்போது காற்றில் எட்டுப் போடச் சொல்கிறது. காந்த மூடி போட்ட உறைக்குள் வைத்தால் எத்தனை எட்டுப் போட்டாலும் பயன் குறைவு.

மழையில் நனைந்த விரலுக்குத் திரை கேட்காது என்பதே எனக்குப் பெரிய காரணம். மின்கலம் தீர்வது இரண்டாவது. இருந்தாலும் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லும் கூட்டத்தில் நான் இல்லை. நான் எங்கே இருக்கிறேன் என்று போனைக் கேட்கிறேன், எந்தப் பக்கம் நடப்பது என்று காம்பஸைக் கேட்கிறேன்.

11 ஜனவரி

‘எல்லா முள்ளும் வடக்கைத்தானே காட்டும், பிராண்டுக்கு எதற்குக் காசு’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பிராண்டை விடுங்கள். அதைவிட முக்கியமான ஒன்றை நம் ஊரில் யாரும் கேட்டு வாங்குவதில்லை: இந்த முள் எந்த நாட்டுக்குச் சமன் செய்யப்பட்டது?

பூமியின் காந்தப் புலம் தரைக்கு இணையாக எல்லா இடத்திலும் ஓடுவதில்லை. ஸ்டாக்ஹோமில் அது எழுபது டிகிரிக்கும் மேல் சரிந்து தரைக்குள் பாய்கிறது. டெல்லியில் சரிவு நாற்பதைத் தாண்டும். சென்னையில் பத்துக்குள். திருநெல்வேலி, திருவனந்தபுரம் பக்கம் போனால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை, ஏனென்றால் காந்த நடுக்கோடு, அதாவது இந்தச் சரிவு பூஜ்யமாகும் கோடு, அந்த வழியாகத்தான் போகிறது. தும்பாவில் ராக்கெட் தளம் அமைத்து 1963 நவம்பரில் முதல் ராக்கெட்டை ஏவியதற்கு இந்தக் கோடுதான் காரணம். திருநெல்வேலி அருகே கிருஷ்ணாபுரத்தில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் ஆய்வகம் வைத்திருப்பதற்கும் அதுவே காரணம்.

இதற்கும் நம் காம்பஸுக்கும் என்ன தொடர்பு என்றால், வட ஐரோப்பாவுக்காகச் செய்த காம்பஸில் முள்ளின் வடக்கு முனையைக் காந்தம் கீழே இழுக்கும். அதைச் சமன் செய்யத் தெற்கு முனையில் கொஞ்சம் எடை கூட்டிவிடுகிறார்கள். அங்கே முள் மட்டமாக நிற்கும். அதே காம்பஸை அம்பாசமுத்திரத்துக்குக் கொண்டுவந்தால் கீழே இழுக்கும் விசை இல்லை, கூட்டிய எடை மட்டும் மிச்சம். தெற்கு முனை தொங்கும், வடக்கு முனை நிமிரும். தொங்கிய முனை அடியில் உரசினால் முள் தயங்கித் தயங்கி நகரும், அல்லது சில டிகிரி தள்ளி நின்றுவிடும். ஆஸ்திரேலியாவுக்குப் போனால் காந்தமும் அதே பக்கம் இழுக்க, முள் அசையாமலே கிடக்கக்கூடும்.

நல்ல தயாரிப்பாளர்கள் இதற்காகவே உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து விற்கிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் சொல்லி வாங்கிவரச் செய்பவர்கள் கவனிக்க வேண்டும்: அவர் வாங்கும் கடையில் இருப்பது அந்த ஊர் மண்டலத்துக்கான முள்.

11 ஜனவரி, சற்றுப் பின்

விட்டுப்போனது: நடுக்கோட்டுப் பக்கம் இருப்பதில் நமக்கு ஒரு லாபமும் உண்டு. முள்ளைத் திருப்புவது புலத்தின் கிடைமட்டப் பங்கு மட்டும்தான். தென் தமிழ்நாட்டில் அது ஏறக்குறைய 40,000 நானோடெஸ்லா. ஸ்வீடனில் அதில் பாதிகூட இல்லை. சமன் சரியாக இருந்தால் நம் ஊரில் முள் விறுவிறுவென்று வந்து நிற்கும்.

14 ஜனவரி

‘அப்படியானால் எந்த மண்டலம் போட்டதை வாங்க’ என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இரண்டு வழி.

காசு இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒரே முள் உள்ளதை வாங்குங்கள். சூன்டோ நிறுவனத்தின் எம்சி-2 வரிசையில் ‘குளோபல்’ என்று குறிப்பிட்டிருப்பது அப்படிப்பட்டது. அதில் காந்தமும் முள்ளும் தனித்தனியாகத் தாங்கப்படுகின்றன. காந்தம் எப்படிச் சரிந்தாலும் முள் மட்டமாகவே சுழலும். கையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாலும் உரசாது, அதனால் நடந்துகொண்டே பார்க்க வசதி. இந்த நிறுவனத்தைத் தொடங்கிய துவோமாஸ் வோஹ்லோனன் பின்லாந்து நாட்டுப் பொறியாளர், காடுகளில் வழிகண்டு ஓடும் போட்டிக்காரரும்கூட. ஆடிக்கொண்டே இருக்கும் முள்மேல் கோபப்பட்டு வழி தேடியவர். 1936-இல் தொடங்கினார்.

காசு இல்லையென்றால் சாதாரணத் தட்டுக் காம்பஸே போதும், ஆனால் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்குங்கள். கையில் எடுத்துப் பார்க்காமல் காம்பஸ் வாங்குவது செருப்பைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவதுதான்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகிறேன். மீதி பிறகு.

19 ஜனவரி

கடையில் என்ன பார்ப்பது. எழுதச் சொன்னதால் எழுதுகிறேன், கடைக்காரர் முறைத்தால் நான் பொறுப்பில்லை.

ஒரே மாதிரியில் இருப்பவற்றை நாலைந்து எடுத்துக் கேளுங்கள். அவற்றை ஒன்றுக்கொன்று தள்ளி வையுங்கள், பக்கத்தில் வைத்தால் ஒன்றின் முள் மற்றதை இழுக்கும். இரும்பு அலமாரி, கண்ணாடி மேசையின் உலோகச் சட்டம், கல்லாப்பெட்டி எல்லாவற்றிலிருந்தும் விலகி, முடிந்தால் வாசலுக்கு வெளியே வாருங்கள். கண்ணின் மட்டத்துக்குத் தூக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். திரவம் நிரம்பிய வட்டக் கூட்டுக்குள் முள் மட்டமாக நிற்கிறதா, ஒரு முனை தொங்குகிறதா? இது ஒன்றைச் செய்தாலே பாதித் தேர்வு முடிந்தது.

பிறகு சிறு சாவி ஒன்றால் முள்ளைக் கொஞ்சம் இழுத்து விடுங்கள். அது திரும்பிவந்து அதே கோட்டில் நிற்க வேண்டும். வலப்பக்கம் இழுத்து ஒருமுறை, இடப்பக்கம் இழுத்து ஒருமுறை. இரண்டும் ஒரே எண்ணில் முடிந்தால் முள் சுழலும் ஊசிமுனையும் அதன்மேல் உட்காரும் கல்லும் நன்றாக இருக்கின்றன.

வளையத்தைச் சுற்றுங்கள். இறுக்கமாக, ஆனால் தடையில்லாமல் சுழல வேண்டும். லொடலொடவென்று இருந்தால் பையிலிருந்து எடுக்கும்போதே நீங்கள் வைத்த கோணம் மாறியிருக்கும். தட்டின் அம்பும் வளையத்தின் பூஜ்யமும் ஒரே நேர்கோட்டில் வருகின்றனவா என்று பாருங்கள். மலிவானவற்றில் அச்சிட்ட குறிகள் கோணலாக விழுந்திருக்கும், அந்தப் பிழை ஆயுளுக்கும் உங்களோடு வரும்.

குமிழி இருந்தால் வேறொன்றைக் கேளுங்கள். மலை உச்சியிலும் கடுங்குளிரிலும் ஒரு சிறு குமிழி தோன்றி, கீழே வந்ததும் மறைந்தால் கவலையில்லை. திரவம் குளிரில் சுருங்குகிறது, அவ்வளவுதான். சமவெளிக் கடையில் புத்தம்புதிதாகவே குமிழி இருந்தால் எங்கோ கசிகிறது. அது வளரும்.

2 பிப்ரவரி

காந்த ஒதுக்கத்தை, அதாவது முள் காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள கோண வித்தியாசத்தை, சரிசெய்யும் திருகு வேண்டுமா என்பது பற்றி நீண்ட சண்டை நடந்திருக்கிறது. வேண்டவே வேண்டும் என்பவர்கள் அமெரிக்கக் காணொளி பார்த்து வந்தவர்கள். அவர்களுக்கு அது உண்மை. சியாட்டிலில் காந்த வடக்கு உண்மை வடக்கிலிருந்து சுமார் பதினைந்து டிகிரி கிழக்கே இருக்கிறது. ஒரு டிகிரி பிழைக்கு ஒரு கிலோமீட்டரில் பதினேழரை மீட்டர் விலகுவோம். பதினைந்து டிகிரி என்றால் ஒரு கிலோமீட்டருக்கு இருநூற்றைம்பது மீட்டருக்கும் மேல். வேறு பள்ளத்தாக்கில் போய் இறங்கிவிடலாம்.

தமிழ்நாட்டில் ஒதுக்கம் மேற்குப் பக்கமாக இரண்டு டிகிரிக்கு அக்கம்பக்கம். கிலோமீட்டருக்கு முப்பத்தைந்து மீட்டர். சோலைக்காட்டில் ஈச்சம்புதரைச் சுற்றிப் போகும்போது இதைவிட அதிகமாக விலகுவீர்கள். கையில் பிடித்துப் பார்க்கும் தட்டுக் காம்பஸே இரண்டு மூன்று டிகிரிக்குள்தான் துல்லியம். ஆகவே அந்தத் திருகுக்கு நம் ஊர் நடைக்காக யாரும் காசு கொடுக்கத் தேவையில்லை. சமன் செய்த முள்ளுக்குக் கொடுங்கள்.

3 பிப்ரவரி

‘சிட்னிக்குக் குடிபோகிறேன், இப்போதே வாங்கட்டுமா?’ வேண்டாம். அங்கே போய் வாங்குங்கள். அங்கே ஒதுக்கம் பன்னிரண்டு டிகிரிக்கு மேல், முள்ளின் சமனும் தலைகீழ்.

16 பிப்ரவரி

அளவுகோல் பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். தட்டின் ஓரத்தில் 1:24,000, 1:62,500 என்று அச்சிட்டிருந்தால் அது அமெரிக்க வரைபடங்களுக்கானது. நமக்கு வேண்டியது 1:50,000. இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்கள் அந்த அளவில்தான் வருகின்றன. சமவுயரக் கோடுகள் இருபது மீட்டருக்கு ஒன்று. முன்பெல்லாம் விண்ணப்பம் எழுதிக் காத்திருந்து வாங்க வேண்டும், 2017 முதல் பல தாள்களை இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம். அச்சிடும்போது ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தேர்வை எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் அச்சுப்பொறி சத்தமில்லாமல் சுருக்கிவிடும், உங்கள் 1:50,000 அளவுகோல் வெறும் அலங்காரமாகிவிடும்.

இந்தத் துறையின் மாபெரும் முக்கோண அளவீடு 1802-இல் நம் பரங்கிமலைப் பக்கத்தில் அடிக்கோடு அளந்துதான் தொடங்கியது. அவ்வளவு அளந்த ஊரில் வரைபடம் பார்க்கத் தெரிந்தவர்களைத் தேட வேண்டியிருக்கிறது. சரி, அது வேறு புலம்பல்.

நூலில் தொங்கவிடும் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். கழுத்தில் தொங்கட்டும். பையின் அடியில் கிடக்கும் காம்பஸை யாரும் நேரத்துக்கு எடுப்பதில்லை. வழி தவறிய சந்தேகம் வந்த பிறகு எடுத்தால் அது வடக்கை மட்டும் சொல்லும், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைச் சொல்லாது.

17 பிப்ரவரி

‘வழிகாட்டி கூடவே வரும்போது காம்பஸ் எதற்கு’ என்ற கேள்விக்கு: 2018 மார்ச்சில் நடந்த குரங்கணி தீ விபத்துக்குப் பிறகு விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் வனத்துறை நாற்பது பாதைகளைத் திறந்து, முன்பதிவும் வழிகாட்டியும் கட்டாயமாக்கியது. அந்தப் பாதைகளில் வழிகாட்டியின் கண்ணுக்கு முன்னால் என் காம்பஸ் தூசி. அவரோடு நடக்கும்போதுதான் பயிற்சி எடுக்க வேண்டும். ‘அந்த மலைமுடி எந்தத் திசை, எவ்வளவு தூரம்’ என்று நீங்கள் கணித்துவிட்டு அவரிடம் கேட்டுப் பாருங்கள். அனுமதி இல்லாமல் உள்ளே போவதற்கு வழி சொல்வதற்காக நான் இங்கே எழுதவில்லை.

23 பிப்ரவரி

சேலத்து நண்பர் ஒருவர் கஞ்சமலையில் புது காம்பஸ் பைத்தியம் பிடித்ததுபோல் ஆடுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருக்கிறார். கடைக்காரரைத் திட்டாதீர்கள். கஞ்சமலை முழுக்க மாக்னடைட் இரும்புத் தாது. பாறையே காந்தம். அங்கே எந்த முள்ளும் பத்தடிக்கு ஒரு பேச்சுப் பேசும். திருவண்ணாமலைப் பக்கம் கவுத்திமலையும் இதே இரும்புச் சாதி.

சர்வே வகுப்பில் இதற்கு ‘லோக்கல் அட்ராக்‌ஷன்’ என்று பெயர். கண்டுபிடிக்க ஒரு பழைய வழி உண்டு, இன்றுவரை அதைவிட எளியது எனக்குத் தெரியாது. நிற்கும் இடத்திலிருந்து ஒரு மரத்தின் கோணத்தை எடுங்கள். மரத்துக்குப் போய் அங்கிருந்து பழைய இடத்தைத் திரும்பிப் பார்த்துக் கோணம் எடுங்கள். இரண்டுக்கும் சரியாக 180 டிகிரி வித்தியாசம் இருக்க வேண்டும். கைப்பிழைக்கு இரண்டு மூன்று டிகிரி விடலாம். பதினைந்து இருபது என்று விலகினால் இரண்டில் ஏதோ ஓரிடத்தில் இரும்பு இழுக்கிறது. மாணவர்கள் இந்தக் கணக்கைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு, இடுப்பில் இரும்புச் சங்கிலியோடு நின்று கோணம் எடுப்பார்கள்.

வாஸ்து பார்க்கிறவர்கள் கம்பி கட்டிய கான்கிரீட் வீட்டின் கூடத்து நடுவில் காம்பஸை வைத்து ‘ஈசானியம் தள்ளிப்போயிருக்கிறது’ என்று சொல்கிறார்களே, அதுவும் இதே கதைதான். தள்ளிப்போனது ஈசானியம் இல்லை, தூணுக்குள் இருக்கும் கம்பி.

சிரிக்க வேண்டாம், பெரிய இடங்களும் இதற்குப் பயந்திருக்கின்றன. பம்பாய் கொலாபாவில் இருந்த காந்த ஆய்வுக்கூடத்தை, டிராம் வண்டிகளுக்கு மின்சாரம் வரப்போகிறது என்றதும் கடல் தாண்டி அலிபாக்குக்கு மாற்றினார்கள். 1904-இல் கட்டிய அந்தக் கட்டடத்துக்கு இரும்பு கலக்காத கல்லைத் தேடி எடுத்தார்கள்.

8 மார்ச்

மூடியில் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்த காம்பஸ் தேவையா என்று கேட்டவருக்கு ‘தேவையில்லை’ என்று தனிச்செய்தியில் சொல்லியிருந்தேன். அதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன், ஏனென்றால் அவர் புலிகள் கணக்கெடுப்புக்குத் தன்னார்வலராகப் போகிறாராம். அது வேறு வேலை. இரை விலங்குகளைக் கணக்கிட நேர்கோட்டுப் பாதையில் நடப்பார்கள். புள்ளிமான் கூட்டம் தெரிந்தால் அது பாதையிலிருந்து எத்தனை டிகிரியில், எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று குறிக்க வேண்டும். அந்தக் கோணத்தில் வரும் பிழை அப்படியே எண்ணிக்கையில் போய் உட்காரும். தட்டைக் காம்பஸை வயிற்றுக்கு நேரே பிடித்து ‘ஏறக்குறைய நாற்பது’ என்று எழுதினால் கணக்குப் பார்ப்பவர் பாவம்.

அந்த வேலைக்கு ஒரு கண்ணை வைத்துப் பார்த்து உள்ளே எண்ணைப் படிக்கும் வகை வசதி. சூன்டோவின் கேபி வரிசை வனப் பணியாளர்களிடம் பரவலாகப் பார்த்திருப்பீர்கள். கண்ணாடி மூடி உள்ளது நடுத்தரம்: மூடியின் வெட்டு வழியாக இலக்கையும் கண்ணாடியில் முள்ளையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். வெறும் நடைக்குப் போகிறவர்களுக்கு என் பழைய பதிலே. புல்வெளியில் மூடுபனி இறங்கிவிட்டால் குறிபார்க்க எதுவும் தெரியாது, கண்ணாடி இருந்து என்ன செய்ய? அப்போது ஒருவரை முன்னே அனுப்பி, பனியில் மறைவதற்குள் நிறுத்தி, ‘இடப்பக்கம் ஒரு அடி’ என்று கத்திச் சரிசெய்து, அவர்வரை நடந்து, மறுபடி அனுப்ப வேண்டும். மெதுவாகப் போகும், ஆனால் நேராகப் போகும்.

மறக்காமல் இன்னொன்று. பாதையில் இருக்கும் சிறு பாலத்துக்குப் போக வேண்டுமானால் பாலத்தையே குறிவைக்காதீர்கள். வேண்டுமென்றே இடப்பக்கம் சில டிகிரி தள்ளிக் குறிவையுங்கள். பாதையைத் தொட்டதும் பாலம் வலப்பக்கம்தான் இருக்கும் என்று உறுதியாகத் தெரியும். நேராகக் குறிவைத்துத் தவறினால் எந்தப் பக்கம் தேடுவது?

9 மார்ச்

ரூர்க்கியில் செய்யும் பித்தளை ப்ரிஸ்மாட்டிக் காம்பஸை (பட்டகம் வழியாக எண்ணைப் படிக்கும் வகை) நடைக்கு எடுத்துப் போகலாமா என்றால்: அரை டிகிரி வரை படிக்கலாம், அருமையான கருவி, ஆனால் முக்காலியில் வைத்துப் பார்க்கச் செய்தது, கனம். சர்வே கருவிக்கடையில் வாங்குங்கள். பரிசுப்பொருள் கடையில் மரப்பெட்டிக்குள் பளபளவென்று இருப்பது மேசைமேல் வைக்கத்தான்.

21 மார்ச்

நேற்று சமஇரவு நாள். காம்பஸ் வைத்திருப்பவர்கள் இந்த வாரத்தை விடாதீர்கள். காலையில் சூரியன் நேர் கிழக்கில் உதிக்கிறது, மாலையில் நேர் மேற்கில் மறைகிறது. நம் அட்சரேகையில் அது ஏறக்குறைய நெட்டாக மேலே ஏறுவதால், அடிவானத்தில் சின்னக் குன்று மறைத்தாலும் பிழை ஒரு டிகிரிக்குள் அடங்கும். மெரினாவிலோ தூத்துக்குடிக் கடற்கரையிலோ போய் நில்லுங்கள். சூரியனை நேரே பார்க்க வேண்டாம். ஒரு குச்சியை நட்டு அதன் நிழலோடு தட்டின் ஓரத்தைச் சேர்த்து வைத்தால் போதும். ஒதுக்கத்தையும் சேர்த்துக் கிழக்கு 92 என்று வந்தால் உங்கள் காம்பஸ் ஒழுங்கு.

துருவ நட்சத்திரத்தை வைத்துச் சோதிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: அது அடிவானத்திலிருந்து நம் அட்சரேகை அளவு உயரத்தில்தான் நிற்கும். சென்னையில் பதின்மூன்று டிகிரி, கன்னியாகுமரியில் எட்டு. ஒரு தென்னந்தோப்பு இருந்தால் மறைந்துவிடும். அதைவிட ஓரியன் எனும் வேட்டைக்காரன் விண்மீன் கூட்டத்தின் இடுப்பிலுள்ள மூன்று விண்மீன்களைப் பாருங்கள். அவற்றில் முதலில் மறைவது ஏறக்குறைய நேர் மேற்கில் மறையும், ஆண்டு முழுக்க.

கைக்கடிகார முள்ளைச் சூரியனுக்கு நேராகப் பிடித்துத் தெற்கு பார்க்கும் வித்தையை மட்டும் இங்கே காட்டாதீர்கள். குளிர் நாட்டில் பிறந்த வித்தை. இங்கே சூரியன் தலைக்கு மேலே போகிறது, சில மாதம் வடக்குப் பக்கமே போகிறது.

30 மார்ச்

‘முள் முழுசாகத் திரும்பிவிட்டது, சிவப்பு தெற்கைக் காட்டுகிறது, பேய் வேலையா?’

போனோடு ஒரே பையில் வைத்திருந்தீர்களா? போனின் ஸ்பீக்கரிலோ, காந்த உறையிலோ, காந்தக் கொக்கியிலோ அடிக்கடி ஒட்டிக் கிடந்தால் முள்ளின் துருவம் மாறிவிடும். இது நிஜமாகவே நடக்கும். முழுசாக மாறினால் பரவாயில்லை, கண்டுபிடித்துவிடலாம். பாதி காந்தம் இழந்து சோம்பிக் கிடக்கும் முள்தான் ஆபத்து. வலிமையான காந்தம் ஒன்றால் முள்ளின் மேலே ஒரே பக்கமாகத் தடவி மீட்கலாம் என்று சொல்வார்கள், மீண்டும் வரவும் செய்யும். அப்படி மீட்டதைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுங்கள். காட்டுக்குப் புதிது வாங்குங்கள்.

கார் முகப்பில் வெயிலிலும் வைக்காதீர்கள். திரவம் விரிந்து கூட்டின் தையல் விடும். குமிழி பிறக்கும் இடம் பெரும்பாலும் அதுதான்.

12 ஏப்ரல்

கேள்வி கேட்டவர் குளோபல் முள் உள்ளதை வாங்கிவிட்டாராம். வீட்டில் விலை கேட்டபோது என்ன சொன்னார் என்பதை எழுதவில்லை. கொடைக்கானலில் நண்பகல் நிழலை வைத்துச் சோதித்துப் பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறார்.

இந்த மாதம் வேண்டாம். கன்னியாகுமரியில் நேற்று முன்தினம் வாக்கில் நண்பகல் நிழல் காலடிக்குள் போயிருக்கும். கொடைக்கானலுக்கு 16, 17 தேதி வாக்கில் வரும், சென்னைக்கு 24, 25 வாக்கில். நிழலே இல்லாதபோது எதை வைத்து வடக்கு பார்ப்பது? குச்சியை நட்டு, காலை ஒன்பது மணிக்கு நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். குச்சியை மையமாக வைத்து அந்த நீளத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். பிற்பகலில் நிழல் நுனி மறுபடி வட்டத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு கல். இரண்டு கல்லையும் சேர்க்கும் கோடு கிழக்கு மேற்கு. அதில் காம்பஸை வைத்துப் பார்த்துவிட்டு எண்ணை இங்கே போடுங்கள். குச்சி இரும்புக் கம்பியாக இருக்க வேண்டாம்.